கட்டைவிரல் மடங்காத கால்

தங்கச் சுரங்கத்து மில்லை விட்டு வெளியே போக ஒரே வழிதான் இருந்தது. அந்த வழியில் முதலில் ஒரு தண்ணீர்த் தொட்டி. தொட்டியைத் தாண்டினால் நீளமாக ஒரு பலகை. பலகையின் மறுமுனையில் முக்காலி போட்டுச் சம்பங்கி உட்கார்ந்திருப்பான். ஷிப்டு முடிந்தவன் எவனாக இருந்தாலும் தொட்டியில் இறங்கி ஏறி, ஈரக்காலோடு அந்தப் பலகைமேல் நடந்து, சம்பங்கியின் கண்ணைத் தாண்டித்தான் வீடு போய்ச் சேரவேண்டும்.

தலைப்பாகையை உதறிப் பார்க்க, இடுப்பைத் தடவிப் பார்க்க, வாயைத் திறக்கச் சொல்ல வேறு காவலாட்கள் இருந்தார்கள். சம்பங்கிக்கு அந்த வேலையெல்லாம் கிடையாது. அவன் பார்ப்பது காலை மட்டும்.

மில்லில் பாறையை இடித்து மாவாக்கித் தண்ணீரோடு கலந்து, பாதரசம் பூசிய செம்புத் தகடுகள்மேல் ஓடவிடுவார்கள். தங்கம் பாதரசத்தைப் பிடித்துக்கொண்டு வெண்ணெய் மாதிரித் தகட்டில் படியும். அந்த வெள்ளைப் பிசினில் சுண்டைக்காய் அளவு வெளியே போனாலும் அதை வாங்கிக்கொள்ள ஆள் காத்திருந்தான். உடம்பில் எத்தனை இடுக்கு உண்டோ அத்தனையிலும் ஒளித்துப் பார்த்து, அத்தனையிலும் பிடிபட்டு, கடைசியில் மிஞ்சியது உள்ளங்கால்தான்.

நல்ல கால் நடக்கும்போது முதலில் குதிகால் இறங்கும். பாதம் வெளியோரமாகச் சாய்ந்து மெல்லப் படியும். உள்வளைவு பாரத்துக்குக் கொஞ்சம் தாழ்ந்து கொடுத்துவிட்டு மறுபடி இறுகிக்கொள்ளும். பிறகு குதிகால் எழ, விரல்கள் அடிமூட்டில் மடங்கும். மற்ற விரல்களெல்லாம் கிளம்பிய பிறகு கட்டைவிரல் கடைசியாகத் தரையை ஓர் உந்து உந்திவிட்டுப் புறப்படும். நடக்கிறவனுக்கு இதெல்லாம் தெரியாது. அவன் பாட்டுக்கு நடப்பான். விரலடியில் எதையாவது ஒட்டிவைத்தவனுக்கு மட்டும் தனக்குக் கால் இருப்பது ஞாபகம் வந்துவிடும். விரலை மடக்கப் பயந்துபோய், பாதத்தை மொத்தமாகத் தூக்கி மொத்தமாக வைப்பான். சம்பங்கி பார்த்துக்கொண்டிருப்பது அதைத்தான்.

காத்தவராயன் எதையும் திருடாமலே அப்படித்தான் நடந்தான்.

சுரங்கத்தை ஒட்டிய மாரிக்குப்பத்துக்கு ரயில் வருவதற்கு முன்னாலேயே ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து நடந்து வந்தவன் அவன். வந்த புதிதில் சுரங்கக் குழியான ஷாப்டுக்குள் இறங்கி, பாறைக்கு முட்டுக்கொடுக்கும் மரம் தூக்கிக்கொண்டிருந்தான். ஒரு நாள் கைநழுவிய மரம் நெட்டுக்குத்தாக வந்து வலது கட்டைவிரலின் அடிமூட்டில் இறங்கியது. கட்டுப் போட்டார்கள். கட்டைப் பிரித்தபோது விரல் விரலாகத்தான் இருந்தது, நகம்கூட நன்றாக இருந்தது. மடங்கத்தான் இல்லை. எலும்போடு எலும்பு சேர்ந்து அந்த மூட்டு ஒரு முளைக்குச்சி மாதிரி ஆகிவிட்டிருந்தது. குதிகாலைத் தூக்கினால் அந்த இடத்தில் யாரோ திருகுவதுபோல வலிக்கும். அதனால் கால், அவனைக் கேட்காமலே, வெளிப்பக்கம் திரும்பிக்கொண்டு, பாதத்தின் ஓரத்தால் உருண்டு போகப் பழகிக்கொண்டது. ஏணியில் ஏற முடியாதவன் ஷாப்டுக்கு உதவமாட்டான் என்று மேலே மில்லில் மணல் அள்ளப் போட்டார்கள். 'மரக்காலு' என்று பேர் வந்தது.

மில்லில் முதல் நாளே சம்பங்கி அவனை நிறுத்தினான்.

"தூக்கு."

வலது காலைத் தூக்கிக் காட்டினான். ஒன்றும் இல்லை.

"அந்தக் காலு?"

இடது காலைத் தூக்கவேண்டுமென்றால் உடம்பு மொத்தமும் வலது காலில் நிற்கவேண்டும். நின்றான். சம்பங்கி அந்த நல்ல பாதத்தைப் பிடித்துத் திருப்பி, விரல்களுக்கு நடுவே குச்சி விட்டுப் பார்த்து முடிக்கும் வரைக்கும் நின்றான். கண்ணில் தண்ணீர் முட்டியது. பின்னாலிருந்து ஒருவன், "இன்னாப்பா, கொக்குக்கு ஒரு காலு வலிக்குதாம்" என்றான். வரிசை சிரித்தது.

மறுநாளும் அதுதான். அதற்கு மறுநாளும் அதுதான். நாளெல்லாம் மணல் கூடை சுமந்தது ஒரு பக்கம்; பலகையில் நிற்கும் அந்தக் கொஞ்ச நேரம் ஒரு பக்கம். காலையில் படுக்கையை விட்டு எழும்போதே அவனுக்குச் சாயங்காலத்துப் பலகை ஞாபகம் வரும்.

இப்படியே கொஞ்ச காலம் போனது. பிறகு ஒரு நாள் சம்பங்கிக்கே அலுத்துப்போனது. காத்தவராயன் பலகையில் வந்து நின்று, சொல்லாமலே காலைத் தூக்கப் போனான். சம்பங்கி வெற்றிலையைத் துப்பிவிட்டு மணிக்கட்டை மட்டும் ஆட்டினான்.

"போ ரா, போ. உன் காலு எனக்குத் தெரியாதா? என் பொஞ்சாதி மொகத்தக்கூட இவ்ளோ பாத்ததில்ல நானு."

அதிலிருந்து அவனுக்கு அந்தக் கையசைவுதான். பலகையில் தாங்கித் தாங்கி நடந்து வருவான். சம்பங்கி கையை ஆட்டுவான். அவன் போய்விடுவான். வேறு யாருக்கும் அது ஒரு பொருட்டில்லை. காத்தவராயனுக்கு ஒரு நாளில் யாரோ தந்த சலுகை என்று சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் இருந்தது. லயன் வீட்டுக்குப் போய்ச் சாக்கில் சாய்ந்த பிறகும் சில சமயம் அந்தக் கை அவன் கண்ணுக்குள் ஆடும்.

இதை இன்னொருவனும் பார்த்துக்கொண்டிருந்தான். ராஜப்பா, காத்தவராயனின் மனைவி ரத்தினம்மாவுக்குத் தம்பி. அதே மில்லில் அதே ஷிப்டு. நொண்டும் மாமனுக்காகப் பாதிக் கூடைகளைத் தானே சுமப்பவன்.

ஒரு நாள் மத்தியானம், மணல்மேட்டு நிழலில் கேழ்வரகுக் கூழ் குடித்துக்கொண்டிருக்கும்போது கேட்டான்.

"மாமா, உன்னிய மட்டும் காலத் தூக்கச் சொல்றதில்ல, இல்ல?"

"அதுக்கு இன்னா இப்ப?"

"ஒண்ணுமில்ல. சும்மா கேட்டேன்."

சும்மா கேட்டது இல்லை என்பது இரண்டு நாளில் தெரிந்தது. ராஜப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஆகாயத்தைப் பார்த்தபடி பேசினான். எதுவும் வாங்கிக்கொள்ள வேண்டாம், எதுவும் தெரிந்துகொள்ள வேண்டாம், உள்ளங்காலில் ஒட்டிவிடுவதோடு பலகையைத் தாண்டி வந்தால் போதும். ஒரே ஒரு தடவை.

"வேணாம் மச்சான். என் காலே வலிச்சுகினு கீது."

"வலிக்கிற காலுதான் மாமா வோணும். நல்ல காலு எனக்கே ரெண்டு கீதே!"

"சம்பங்கியண்ணன் நம்பி வுடறாரு."

"அவரு நம்பி ஒண்ணும் வுடல. குனிய சோம்பல்பட்டுகினு வுடறாரு." ராஜப்பா குரலைத் தாழ்த்தினான். "உன் கூடைய இத்தினி நாளா யாரு தூக்கறது? என்னிக்காச்சும் சொல்லிக் காட்டிகீறனா?"

"இப்ப சொல்லிக் காட்டிகினுதான கீற?"

"இன்னிக்குத்தான். வேற என்னிக்காச்சும் சொன்னனா?"

மாட்டேன் என்று சொல்லவும் கொஞ்சம் தெம்பு வேண்டும். ஒருமுறை சொன்னால் போதாது, மறுபடி மறுபடி சொல்லவேண்டும், முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ள வேண்டும், மறுநாள் கூடையைத் தானே தூக்கவேண்டும். காத்தவராயனுக்கு அன்று அந்தத் தெம்பு இல்லை. கூழ்ச் சட்டியை மணலால் தேய்த்துக்கொண்டே, "சரி" என்றான். சரி என்று சொன்னதற்கும் அவன் முகத்துக்கும் ஒட்டே இல்லை.

குறித்த நாளில், ஷிப்டு விடும் நேரத்துக்கு மணல்மேட்டுக்குப் பின்னால் ராஜப்பா வந்தான். அந்த வெள்ளைப் பிசினைத் துணியில் வைத்து இறுக்கிப் பிழிந்து உலரவைத்த கட்டி அவன் மடியில் இருந்தது. பாதிப் பாக்குத் துண்டு மாதிரி ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் மேடு. மெழுகும் குங்கிலியமும் காய்ச்சி ஒட்டத் தயாராக வைத்திருந்தான்.

"விரலுக்கு அடியில வெக்கறேன். அங்கதான் குழி கீது."

வைத்து அழுத்தியதும் காத்தவராயன் உதட்டைக் கடித்துக்கொண்டான். "அங்க வேணாம், அங்க வேணாம். உயிர் போவுது."

"பின்ன எங்க வெக்கறது?"

"கொஞ்சம் இப்பிடி, பின்னால தள்ளி."

மூட்டுக்குப் பின்புறம், உள்ளங்காலின் வளைவு தொடங்கும் இடத்தில் ஒட்டினான். மேலே சேற்றைப் பூசினான். "எப்பவும் வராப்பல வா மாமா. அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டு ஓடி வரிசையில் சேர்ந்துகொண்டான்.

காத்தவராயன் எழுந்து ஓர் அடி வைத்தான். குதிகால் இறங்கியது. பாதம் படிந்தது. இனி வலி வரவேண்டும். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தான். வரவில்லை. உடம்பு அந்தச் சின்ன மேட்டின்மேல் ஏறி, வண்டிச் சக்கரம் கல்லில் ஏறி இறங்குவதுபோல முன்னால் இறங்கிவிட்டது. விரல் மடங்கவேண்டிய வேலையை அந்தக் கட்டி செய்துவிட்டது. அடுத்த அடியிலும் அப்படியே. பழைய இடத்தில் பழைய ஆள் இல்லாத வீட்டுக்குள் நுழைந்ததுபோல இருந்தது அவனுக்கு.

தொட்டியில் இறங்கி ஏறினான். பலகைமேல் கால் வைத்தான். தன் காலடியில் இருப்பது என்ன, பிடிபட்டால் கோலார் ஜெயில் என்பதெல்லாம் அந்த நேரத்தில் அவனுக்கு மறந்தே போனது. வலிக்காமல் நடக்கிறோம் என்பது ஒன்றுதான் நினைவில் நின்றது. வெளிப்பக்கம் திரும்பியிருந்த பாதம் நேராக வந்திருந்தது. குனிந்து பார்த்தான். பலகையில் அவனுடைய ஈரத்தடத்தில், இத்தனை காலமாகப் பதியாத கட்டைவிரல், வட்டமாகப் பதிந்திருந்தது.

சம்பங்கியின் கை வழக்கம்போல ஆடத் தொடங்கிப் பாதியில் நின்றது.

"நில்லு."

காத்தவராயன் நின்றான்.

"ரே! காலு வந்துடுச்சா உனக்கு?" சம்பங்கியின் முகம் முழுக்கச் சிரிப்பு. முக்காலியை விட்டு எழுந்தேவிட்டான். "பாருங்கப்பா, நம்ம மரக்காலு நேரா நடக்கறான்!"

வரிசைக்கு உயிர் வந்தது. "மரக்காலு துளிர்த்துகிச்சுப்பா!" என்றான் ஒருவன். "ரத்தினம்மாக்கா இன்னா தைலம் போட்டுச்சு? எனக்கு இடுப்புல கொஞ்சம் வோணும்" என்றான் இன்னொருவன். ராஜப்பா மட்டும் புகைபோக்கியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னொரு வாட்டி நட. போயிட்டுத் திரும்பி வா. பாக்கறேன்" என்றான் சம்பங்கி. அவன் குரலில் சந்தேகம் துளியும் இல்லை. அது வெறும் சந்தோஷம். அதுதான் காத்தவராயனுக்குத் தாங்கவில்லை.

அப்போதுதான் காலடியில் இருப்பது ஞாபகம் வந்தது. நொண்டவேண்டும். எப்பவும் வராப்பல வரவேண்டும். ஆனால் எப்பவும் எப்படி வந்தான்? அவன் ஒரு நாளும் நொண்டியதில்லை, கால்தான் நொண்டியது. அவன் அதன்மேல் ஏறி வந்துகொண்டிருந்தான், அவ்வளவுதான். இப்போது யோசித்து யோசித்து முழங்காலை மடக்காமல் வைத்தான். இடுப்பைச் சாய்த்தான். தோளைத் தூக்கினான். உடம்பு முழுக்க நொண்டியது. பாதம் மட்டும் பலகைமேல் அழகாக உருண்டு வந்தது.

சம்பங்கியின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. ஈரத்தடங்களைப் பார்த்தான். அந்தப் புதுக் கட்டைவிரலைப் பார்த்தான். பிறகு, இத்தனை நாளில் முதல் தடவையாக, காத்தவராயனின் முகத்தைப் பார்த்தான்.

ஒரு குரல் கொடுத்தால் போதும், பக்கத்துக் கொட்டகையிலிருந்து துரையே வந்திருப்பார். பிடித்துக்கொடுத்தவனுக்கு மேல் வேலையும் உண்டு. சம்பங்கி வாயிலிருந்த வெற்றிலையை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு ஒதுக்கினான்.

"பலகையெல்லாம் சேறு பண்ணிட்ட" என்றான் சத்தமாக. "திரும்பிப் போ. தொட்டியில நின்னு நல்லா தேச்சுக் கழுவிகினு வா. நல்லா தேய்."

காத்தவராயன் திரும்பிப் போனான். கலங்கிய தண்ணீரில் முழங்கால் வரை நின்று, இடது குதிகாலால் வலது உள்ளங்காலைத் தேய்த்தான். கட்டி பெயர்ந்து அடிச் சேற்றில் இறங்கியது. வாரத்துக்கு ஒருமுறை தொட்டிச் சேற்றை வாரி மில்லிலேயே கொட்டுவது வழக்கம். அது வந்த இடத்துக்கே போய்ச் சேர்ந்துவிடும். அவன்தான் பலகை ஏறி வரவேண்டியிருந்தது. முதல் அடியிலேயே வலி வந்து தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டது. பாதம் வெளிப்பக்கம் திரும்பிக்கொண்டது.

சம்பங்கி முக்காலியில் உட்கார்ந்திருந்தான்.

"தூக்கு."

தூக்கினான்.

"அந்தக் காலு."

அதையும் தூக்கினான்.

லயனுக்குப் போகும் வழியில் ராஜப்பா பக்கத்தில் வந்தான். "எப்பவும் வராப்பல வா மாமான்னு சொன்னா, கண்ணாலத்துக்குப் போற மாப்பிள்ள மாதிரி வரியே! எத்தினி நாளு பாடுபட்டுச் சேத்தது தெரியுமா?"

"வலிக்கல மச்சான்."

"இன்னாது?"

"அப்போ வலிக்கல."

ராஜப்பா நின்று அவனை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு தலையில் அடித்துக்கொண்டு முன்னால் போய்விட்டான். அடுத்த மாதமே வேறு சுரங்கத்துக்கு மாறிக்கொண்டான். அதன் பிறகு கூடைகள் எல்லாவற்றையும் காத்தவராயனே சுமந்தான். சாயங்காலம் பலகை. "தூக்கு." "அந்தக் காலு." சம்பங்கி அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை. கோபித்துக்கொள்ளவும் காத்தவராயனுக்கு வழியில்லை, யாரைக் கோபித்துக்கொள்வது? இந்தச் சம்பங்கி அன்று வாயைத் திறந்திருந்தால் அவன் இன்று கோலாரில் கல் உடைத்துக்கொண்டிருப்பான். ஆனாலும் ஒவ்வொரு நாளும் அந்தக் கை ஆடுமா என்று ஒருமுறை பார்ப்பான். அது மடியிலேயே கிடக்கும்.

பலகைமேல் அன்று நடந்த அந்தச் சில அடிகளை அவன் கால் மறக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தேய்ந்துபோன ஒரு மர ஆப்பை எடுத்துவந்து, கத்தியால் செதுக்கிப் பாதிப் பாக்கு மாதிரி ஆக்கினான். வலது செருப்பின் அடியில், அதே இடம் பார்த்து, ஆணி அடித்தான்.

"செருப்புக்கு எதுக்கு மேடு?" என்றாள் ரத்தினம்மா, முறத்தைக் கீழே வைத்துவிட்டு. நடந்த சங்கதி எதுவும் அவளுக்குத் தெரியாது.

அவன் அதை மாட்டிக்கொண்டு லயன் கோடி வரை போய்த் திரும்பி வந்தான். அன்று மாதிரி இல்லை. ஆனால் பாதி வலி இல்லை. அவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"பொண்ணு பாக்க வந்தப்போ இப்பிடித்தான் நடந்து வந்த" என்றாள். "மூஞ்சி எனக்கு மறந்துபோச்சு. நடை ஞாபகம் கீது." சொல்லிவிட்டு, ஏதோ தப்பாகப் பேசிவிட்டவள் போல உள்ளே போய்விட்டாள்.

மில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட வேண்டும். அதனால் சம்பங்கி அந்த நடையைப் பார்க்க வழியே இல்லை. சந்தையில்தான் பார்த்தான். வெற்றிலைக் கட்டைக் கையில் பிடித்தபடி, கூட்டத்துக்குள் வரும் காத்தவராயனின் காலைப் பார்த்து அப்படியே நின்றான். முகத்தைப் பார்க்காமலே அது யார் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"நில்லு" என்றான்.

அவன் வேறு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பழகிப்போன உடம்பு. நடுச்சந்தையில், மிளகாய்க் கூடைகளுக்கு நடுவே, காத்தவராயன் வலது காலைத் தூக்கிவிட்டான். மிளகாய்க்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சம்பங்கி குனிந்து, செருப்படியில் இருந்த மரத்துண்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான். கொஞ்ச நேரம் அழுத்திக்கொண்டே இருந்தான்.

"அன்னிக்கும் இங்கதானா?"

"ஆமாண்ணே. விரலுக்கடியில வெச்சா தாங்கல."

"அங்க வெச்சிருந்தா எப்பவும்போல நொண்டியிருப்ப. கையக் காட்டி அனுப்பியிருப்பேன்." சம்பங்கி மூக்கால் ஒரு சிரிப்புச் சிரித்தான். "வலி போனதாலதான் மாட்டிகின."

காத்தவராயன் காலை இறக்கினான். அந்தக் கை மறுபடி ஆடுமா என்று கேட்டுவிட வேண்டும்போல இருந்தது. அதற்குள் சம்பங்கியே அவன் கண்ணில் இருந்ததைப் பார்த்துவிட்டான்.

"நாளைக்கும் தூக்கித்தான் ஆவணும், காத்தவராயா" என்றான், வெற்றிலைக் கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு. "உன் காலு எனக்குத் தெரியும்னு இருந்தேன். பொழைப்புக்கு எனக்கு இருக்கறது இந்தக் கண்ணு ஒண்ணுதான்."

மறுநாள் சாயங்காலம் தொட்டி, பலகை, வரிசை. காத்தவராயன் தாங்கித் தாங்கி வந்து நின்றான்.

"தூக்கு."

வலது காலைத் தூக்கிக் காட்டினான்.

"அந்தக் காலு."

இனி வலது காலில் நிற்கவேண்டும். அவன் மூச்சை இழுத்துப் பிடித்தான். சம்பங்கி குனிவதற்கு முன்னால், முக்காலியில் சாத்தியிருந்த தடியை எடுத்து, அவன் முகத்தைப் பார்க்காமல், ஒரு முனையைப் பலகையில் ஊன்றி மறுமுனையை அவன் பக்கம் சாய்த்தான்.

"பிடிச்சுகோ" என்றான்.

காத்தவராயன் பிடித்துக்கொண்டு, உடம்பின் பாரத்தைத் தடியின்மேல் இறக்கிவிட்டு, நல்ல காலைத் தூக்கினான்.